வெண்கதிர்

கார்த்திகை மாதத்து இரவு. மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், நண்பர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மழை விட்டுச் சிறிது நேரம் ஆகியிருந்தது. வாசலைத் தாண்டி இருபது அடி போனால் சம்பா வயல். தலைக்கு மேலே எரிந்த மின்சார விளக்கைச் சுற்றி ஈசலும் வண்டும் விட்டிலுமாக ஒரு திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்திலிருந்து தவறி, நம்முடைய மடியில் கிடந்த பத்திரிகையின்மேல் ஒரு விட்டில் வந்து விழுந்தது.

வைக்கோல் நிறம். கட்டைவிரல் நகத்தைக் காட்டிலும் சற்றே பெரிது. சிறகுகளைக் கூரைச் சாய்ப்புப்போல் மடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. முன்சிறகு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி. குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்ததுபோல் அவ்வளவு கச்சிதம்.

"அழகாய்த்தான் இருக்கிறது!" என்றோம்.

நண்பருடைய சித்தப்பா எழுந்து வந்து குனிந்து பார்த்தார். எழுபதை எட்டிக்கொண்டிருப்பவர். சொந்த நிலம் மூன்று ஏக்கர், குத்தகை நிலம் இரண்டு ஏக்கர், ஐந்திலும் அவ்வருஷம் சம்பா நட்டிருந்தார்.

"அழகுக்கு என்ன குறைச்சல், தம்பி? இது பொட்டை. வயித்தைப் பாருங்க, இன்னும் முட்டையை இறக்கல்லே. விளக்குக்கு ஒண்ணு வந்துதுன்னா வயல்லே எத்தனை இருக்கும்?" என்று சொல்லிக்கொண்டே அதைப் பத்திரிகையோடு சேர்த்து நசுக்கிவிட்டார். பத்திரிகையில் மஞ்சள் மாவாக ஒரு கறைதான் மிஞ்சிற்று.

பயிர் இன்னும் பத்துப் பதினைந்து நாளில் பொதிகட்டவேண்டிய சமயம். பெரியவர் அதற்குப் பிறகு பேச்சில் அதிகம் கலந்துகொள்ளவில்லை. வயலிருந்த இருட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

நகரத்தில் அரிசியை மூட்டையாகவோ பையாகவோ வாங்கிப் பழகிய நமக்கு, சோற்றுக்கும் இந்த விட்டிலுக்கும் உள்ள சம்பந்தம் தெரிவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையினால் மறுநாள் அவரோடு வயலுக்குச் சென்றோம். பிறகு விவசாய சாஸ்திரம் படித்த நண்பர்களிடமும், அவர்கள் கொடுத்த புத்தகங்களிலும் கேட்டறிந்தோம். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கிராமத்தில் இதற்குக் குருத்துப்பூச்சி என்று பெயர். விவசாய இலாகாவினர் மஞ்சள் தண்டுத் துளைப்பான் என்று எழுதுகிறார்கள். சாஸ்திர உலகத்தில் ஸ்கிர்போஃபாகா இன்செர்டுலாஸ் என்று வாயில் நுழையாத நாமகரணம். லண்டன் பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையில் பூச்சிகளுக்குப் பெயர் சூட்டியே காலங்கழித்த வாக்கர் என்பவர் 1863-இல் முதன்முதலாக இதை வர்ணித்து எழுதினார். பெயரின் முதற்பாதிக்குக் கோரை தின்னி என்று பொருள். இதன் உறவினர் சிலர் கோரையையும் கரும்பையும் தின்பது மெய்தான். ஆனால் இந்தப் பிராணியோ நெல்லைத் தவிர வேறொன்றையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்றே சொல்லலாம். நெல்லும் காட்டு நெல்லும் எங்கே உண்டோ அங்கே இதுவும் உண்டு. ஆப்கானிஸ்தானத்திலிருந்து ஜப்பானின் தென்பகுதி வரையில் ஆசியாவின் நெல்வயல்களெல்லாம் இதன் ராஜ்யம். ஏகபத்தினி விரதம்போல் இது ஏகபயிர் விரதம் பூண்டிருக்கிறது. அந்த விரதத்தினால் கஷ்டப்படுகிறவர் நாம்தாம்.

விட்டில் பிறந்தபின் ஆகாரமே கொள்வதில்லை. அதன் ஆயுள் ஒரு வாரம், பத்து நாள். அதற்குள் ஜோடி சேர்ந்து, நூறு முதல் இருநூறு முட்டை வரையில் இட்டுவிட்டுச் சாகவேண்டும். அவ்வளவையும் ஒரே இடத்தில் கொட்டிவிடாது. நெல்லிலையின் நுனிப்பக்கத்தில் ஒரு குவியல், பக்கத்துப் பயிரில் ஒரு குவியல் என்று பிரித்து வைக்கும். ஒவ்வொரு குவியலின்மேலும் தன் வயிற்றின் நுனியிலுள்ள மஞ்சள் மயிரை உதிர்த்துப் போர்த்துகிறது. பார்த்தால் இலையில் ஒரு சிறு கம்பளித்துண்டு ஒட்டியதுபோல் இருக்கும். பெரியவர் வரப்பில் நின்றபடியே அப்படி ஒன்றைக் கண்டுபிடித்துக் கிள்ளியெடுத்து நம் உள்ளங்கையில் வைத்தார். அவர் சுட்டிக்காட்டியிராவிட்டால் நமக்கு அது ஆயுளில் தென்பட்டிராது.

முட்டை ஐந்து முதல் எட்டு நாளில் பொரிக்கும். அதிலிருந்து வருவது நூல் நூலாய்ச் சிறு புழு. வந்ததும் அது செய்யும் முதற்காரியம் வாயிலிருந்து பட்டிழை விட்டு இலையிலிருந்து தொங்குவது. காற்று வந்து ஊஞ்சலாட்டும்; ஆட்டத்தில் அடுத்த பயிருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சற்று வளர்ந்தபின் இன்னொரு தந்திரமும் செய்கிறது. இலையைத் துண்டித்து, அதைச் சுருட்டித் தன் உடம்பின்மேல் குழாய்போல் கட்டிக்கொண்டு, தொப்பென்று வயல் தண்ணீரில் விழுகிறது. அந்த இலை ஓடத்தில் மிதந்து சென்று வேறொரு தூரைப் பற்றிக்கொண்டு தண்டுக்குள் நுழைகிறது. கடலோடிகளைப் பற்றி நாம் எத்தனையோ படித்திருக்கிறோம்; ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு நீளமுள்ள மாலுமி ஒருவன் நம்முடைய வயலிலேயே இருக்கிறான் என்பது இதுகாறும் தெரியாமற்போயிற்று.

உள்ளே நுழைந்துவிட்டால் அப்புறம் அதற்கு ஒரு கவலையும் இல்லை. பெரும்பாலும் ஒரு தண்டுக்கு ஒரு புழுதான். வீடும் ஒன்று, சமையலறையும் ஒன்று. மாதம் ஒன்றுக்கு மேல் உள்ளேயே குடியிருந்து தண்டின் உட்சதையைத் தின்று, வெளுத்த மஞ்சள் நிறத்தில் முக்கால் அங்குலத்துக்கு வளர்கிறது. கடைசியில் தண்டின் அடிப்பாகத்துக்கு இறங்கி, வெளியே போவதற்கு ஒரு துவாரம் கடித்து, அதைப் பட்டுத்திரையால் மூடிவைத்துவிட்டுக் கூட்டுப்புழுவாக உறங்குகிறது. வாயில்லாத விட்டிலாகப் பிறக்கப்போகிறோம், அப்பொழுது கடித்து வெளியேற முடியாது என்பதை முன்கூட்டியே அறிந்து வாசல் வைத்துக்கொள்கிறதே, இதை என்னவென்று சொல்ல! முட்டை முதல் விட்டில் வரையில் மொத்தம் ஐம்பது முதல் எழுபது நாள்.

இனி, இது செய்யும் நாசத்தைப் பார்ப்போம். நாசம் இரண்டு வகை. இரண்டும் ஒரே புழுவின் ஒரே வேலைதான். ஆனால் குடியானவனுக்கு அவை இரண்டும் ஒன்றல்ல.

பயிர் இளமையாயிருந்து தூர்கட்டும் காலத்தில் புழு நுழைந்தால் நடுக்குருத்து அடியில் அறுந்து காய்ந்துபோகும். சுற்றிலும் இலைகள் பச்சையாயிருக்க, நடுவில் மட்டும் ஒரு குருத்து பழுப்பாய் நிற்கும். பிடித்து இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிடும். வயலெங்கும் அப்படி ஒன்றிரண்டைக் கண்டாலே வயிறு பகீரென்கிறது. ஆனால் பயிர் சாமானியமானதன்று. ஒரு தூர் செத்தால் பக்கத்தில் வேறு தூர் வெடிக்கிறது; இழந்ததை ஈடுசெய்துவிடுகிறது. நூற்றுக்குப் பத்துக் குருத்து காய்கிறவரையில் மருந்தடிக்க அவசரப்படவேண்டாம் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது வகை வேறு. பொதி கட்டிய பிறகு புழு நுழைந்தால், கதிர் வெளிவருகிறது. ஆனால் அடியில் தொடர்பு அறுந்திருக்கிறது. உணவு ஏறுவதில்லை. மணி ஒன்றிலும் பால் பிடிப்பதில்லை. மற்றக் கதிர்களெல்லாம் பச்சையாய்த் தலைசாய்ந்து நிற்க, அந்தக் கதிர் மட்டும் வெள்ளைவெளேரென்று நிமிர்ந்து நிற்கும். அதுதான் வெண்கதிர். உழுது, நாற்றுவிட்டு, நட்டு, களையெடுத்து, உரமிட்டு, தண்ணீர் கட்டி, எல்லாச் செலவும் முடிந்த பிறகு வருவது. பயிருக்கு இனித் தூர்வெடிக்க நாளில்லை. ஆகையால் இங்கே கணக்கு பத்தன்று. நூற்றுக்கு இரண்டு வெண்கதிர் கண்டாலே எச்சரிக்கை என்கிறார்கள்.

பத்துக்கும் இரண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசம் நெல்லைப் பற்றியவரையில் எவ்வளவோ பெரிய ஞானம் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் வயலில் நிற்கும் மனிதனுக்கு நடப்பதோ நேர்மாறு. காய்ந்த குருத்தைப் பார்த்த அன்றே பயந்து மருந்துக் கடைக்கு ஓடுகிறான். வெண்கதிரைப் பார்த்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். ஏனெனில் கதிர் வெளுத்துத் தெரியும்போது நடக்கவேண்டியது நடந்து முடிந்துவிட்டது.

"அப்படியானால் மருந்தே பயன்படாதா, ஐயா?" என்று பெரியவரைக் கேட்டோம்.

"பயன்படாதுன்னு சொல்லல்லே, தம்பி. திருடன் வீட்டுக்குள்ளே பூந்து உள்தாப்பாப் போட்டுக்கிட்டான். நான் வெளியே நின்னு கதவுக்கு வெள்ளையடிச்சா அவனுக்கு என்ன?"

அவர் சொன்னது பெரும்பாலும் சரி. இலைமேல் தெளித்த மருந்து தண்டுக்குள் இருக்கும் புழுவைத் தொடுவது அரிது. வேர்வழியே ஏறிப் பயிருக்குள் பரவும் குருணை மருந்துகள் உண்டு. அவையும் புழு நுழையும் தருணத்தில் போட்டால்தான் பலன். முட்டை பொரித்த நாளிலிருந்து புழு தண்டுக்குள் மறைகிறவரையில் உள்ள சில நாள்தான் குடியானவனுக்குக் கிடைக்கும் அவகாசம். அந்த நாள் எது என்று அறிவதற்குத்தான் விளக்குப்பொறியும் இனக்கவர்ச்சிப் பொறியும் வைக்கிறார்கள். பெண் விட்டில் இருட்டில் விடும் வாசனையை ரசாயனசாலையில் செய்து, ஒரு ரப்பர்த் துண்டில் ஊற்றி, வயலில் ஒரு கம்பில் கட்டித் தொங்கவிட்டால் ஆண் விட்டில்கள் நாயகியைத் தேடிவந்து பையில் விழுகின்றன. எத்தனை விழுந்தன என்று எண்ணினால் வயலில் விட்டில் கிளம்பிவிட்டதா என்பது தெரிந்துவிடும். கவிகள் விரகதாபத்தை எவ்விதமெல்லாமோ பாடியிருக்கிறார்கள். அதை மகசூலுக்குப் பயன்படுத்தியவர்கள் இவர்களே.

கார்த்திகைச் சொக்கப்பனைதான் நம் முன்னோர்களின் விளக்குப்பொறி என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கார்த்திகை தீபத்தைக் கண்ட புழுபூச்சிக்கும் நற்கதி உண்டென்று பெரியவர்கள் சொல்வதும் நமக்குத் தெரியும். தஞ்சை ஜில்லாவில் இந்த விட்டில் அதிகமாகக் கிளம்பும் காலமும் ஏறத்தாழ அதுவே. ஆயினும் வருஷத்தில் ஓர் இரவு எரியும் நெருப்பு எத்தனை விட்டிலைத்தான் வாங்கும்? பண்டிகைக்குப் பண்டிகையாகவே மதிப்பு இருக்கிறது. அதற்குப் பூச்சிமருந்துப் பட்டம் சூட்டவேண்டிய அவசியம் இல்லை என்பது நமது அபிப்பிராயம்.

சமயம் அறிந்து செய்வதன் பெருமையை ஜாவாத் தீவின் கதை நன்றாகக் காட்டும். அங்கே வடகரையோர வயல்களில் இதன் உடன்பிறப்பான வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பெருநாசம் செய்துவந்தது. வான் டெர் கோட் என்ற டச்சுக்காரர் அதன் வாழ்க்கையை வருஷக்கணக்கில் ஆராய்ந்து 1925-இல் ஒரு நூல் வெளியிட்டார். அறுவடைக்குப் பின் புழு சாவதில்லை. அரிதாளின் அடியில், வேரோடு ஒட்டிக் கோடை முழுவதும் உணவின்றி உறங்குகிறது. மழை விழுந்து நிலம் நனைந்தால் விழித்துக்கொண்டு, ஒரு மாதத்துக்குச் சற்று மேலே ஆனதும் விட்டில்களாகக் கூட்டங்கூட்டமாய்ப் புறப்படுகிறது என்று கண்டார். அப்படிப் புறப்படும்போது வயலில் நாற்று இருந்தால் அது முட்டையிடும், நாற்றே இல்லாவிட்டால்? விட்டிலுக்கோ ஆயுள் ஒரு வாரம். ஆகவே நாற்றுவிடும் நாளைத் தள்ளிப்போடச் சொன்னார். மருந்து இல்லை, செலவு இல்லை. பஞ்சாங்கத்தை மாற்றியதுதான் வைத்தியம். ஊரெல்லாம் சேர்ந்து செய்தால்தான் அது பலிக்கும் என்பது அதிலுள்ள கஷ்டம். ஒருவன் மட்டும் முந்தி நாற்றுவிட்டால் ஊர் விட்டிலெல்லாம் அவன் நாற்றங்காலுக்கே விருந்து வந்துவிடும்.

அதே தேசத்தில் வேறொரு பாடமும் கற்றார்கள். நெற்பயிரில் மருந்தை மழையாகப் பொழிந்ததில் சிலந்தி முதலிய நல்ல ஜந்துக்கள் மடிந்து, புகையான் என்ற வேறு பூச்சி பல்கிப் பெருகிவிட்டது. 1986-இல் இந்தோனேஷிய சர்க்கார் 57 வகைப் பூச்சிமருந்துகளை நெற்பயிருக்கு உபயோகிக்கக்கூடாதென்று ஒரே உத்தரவில் தடுத்துவிட்டார்கள்.

பயிருக்கே எதிர்ப்புச் சக்தி உண்டாக்கினால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் நம் நாட்டு நெல் ஒன்று வருகிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1912-இல் ஏற்பட்டது. அங்கே 1921-இல் வெளியிட்ட ஜி.இ.பி. 24 என்ற நெல்தான் பிற்பாடு கிச்சிலிச் சம்பா என்ற பெயரில் நம் பாட்டிமார் காலத்துச் சமையலறைகளில் புகழ் பெற்றது. அதன் சோற்றின் ருசியை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த ஜி.இ.பி. 24-ஐயும் கோ 18 என்ற நெல்லையும் கலந்து, திருவள்ளூருக்கருகே திரூர்க்குப்பம் நிலையத்தில் உண்டாக்கி 1952-இல் வெளியிட்ட நெல்லுக்கு டி.கே.எம். 6 என்று பெயர். திரூர்க்குப்பத்தின் ஆங்கில எழுத்துக்கள்தாம் அந்த டி.கே.எம்.

பிலிப்பைன்ஸ் தீவில் லாஸ் பான்யோஸ் என்ற இடத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பல தேசத்து நெல்லையும் கொண்டுவந்து தண்டுப்புழுவுக்கு வைத்துப் பரீட்சித்தபோது, புழுவுக்குச் சுலபத்தில் இடங்கொடாத நெல்களில் ஒன்றாக டி.கே.எம். 6 நின்றது. அதை அங்கிருந்த குட்டை நெல் ஒன்றோடு கலந்து 1969-இல் அவர்கள் வெளியிட்டதே ஐ.ஆர். 20. அந்த நெல் திரும்பத் தஞ்சாவூருக்கு வந்து எத்தனையோ வருஷம் சம்பாப் பட்டத்தில் கொடிகட்டிப் பறந்தது. வெளிநாட்டு நெல் என்று அதைப் பலர் வைததுண்டு. அதன் ரத்தத்தில் பாதி திரூர்க்குப்பத்து ரத்தம் என்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

டி.கே.எம். 6-இல் என்னதான் இருக்கிறது? அந்தப் பயிரில் பென்டாடெகனல் என்ற ஒரு பொருள் இருப்பதாகவும், இன்னொரு உறவினனான கோடுபோட்ட தண்டுப்புழுவின் விட்டில் அதன் வாசனைக்கு முட்டையிடத் தயங்குவதாகவும் ஆராய்ந்து கண்டார்கள். தண்டில் மணற்சத்து மிகுந்த நெல்லைக் கடிக்கும் புழுவுக்குப் பல் தேய்ந்துபோகிறது என்பதும் தெரிந்தது. அரம் வைத்துத் தேய்த்ததுபோல் மழுங்கிவிடுமாம். மாறாக, யூரியாவை வாரி வீசி வளர்த்த பயிர் கறுகறுவென்று மிருதுவாயிருக்கும். அதைக் கண்டால் விட்டிலுக்குக் கொண்டாட்டம்.

ஆனால் உண்மையை மறைக்கக்கூடாது. டி.கே.எம். 6-இன் எதிர்ப்புச் சக்தி நடுத்தரமானதே. மஞ்சள் தண்டுத் துளைப்பானை அடியோடு விலக்கும் நெல், மனிதன் பயிர்செய்யும் நெல்வகைகளுள் ஒன்றேனும் அகப்படவில்லை. நெல்லோடு கூடவே பிறந்து வளர்ந்த சத்துரு. நெல்லின் ரகசியமெல்லாம் அதற்குத் தெரியும்.

சத்துருவுக்கும் சத்துரு உண்டு. வயலில் நீண்ட மீசை வைத்த ஒரு வெட்டுக்கிளி இருக்கிறது. இலையைத் தின்பதாக நினைத்து அதைக் கொல்கிறார்கள். அதுவோ முட்டைக் குவியலைக் கம்பளியோடு சேர்த்துத் தின்று தீர்த்துவிடும். தட்டாரப்பூச்சியும் சிலந்தியும் விட்டிலைப் பிடிக்கின்றன. இவையெல்லாவற்றையும் விட அதிசயம் முட்டைக்குள் முட்டையிடும் சிறு குளவிகள். டிரைக்கோகிராமா என்ற குளவி அரை மில்லிமீட்டர் நீளங்கூடத் தேறாது. அது விட்டிலின் முட்டையைத் துளைத்து உள்ளே தன் முட்டையை வைக்கிறது. சில நாளில் புழு வெளிவரவேண்டிய முட்டையிலிருந்து குளவி வெளிவருகிறது. விட்டில் போர்த்திய கம்பளி இதற்குக் கொஞ்சம் இடைஞ்சல், அடிமுட்டைகள் தப்பிவிடுகின்றன. டெட்ராஸ்டிகஸ் என்ற வேறொரு குளவி இன்னும் சாமர்த்தியசாலி. அதன் குஞ்சு ஒரு முட்டையைத் தின்றுவிட்டு அடுத்த முட்டைக்கும் போகிறது.

இந்த டிரைக்கோகிராமாவை லக்ஷக்கணக்கில் வளர்த்து வயலில் விடுகிறார்கள். எதை உணவாக வைத்து வளர்க்கிறார்கள் என்று கேட்டால் நம் வீட்டுப் பெண்மணிகள் சிரிப்பார்கள். அரிசிப் பானையில் நூல் பின்னி, அரிசியைக் கட்டி கட்டியாக ஒட்டவைத்து, மூடியைத் திறந்தால் மூக்கின்மேல் பறந்துவரும் அந்து இருக்கிறதே, அதே அந்துதான்! ஆராய்ச்சிசாலைகளில் உடைத்த கம்பைத் தட்டுக்களில் பரப்பி, அதில் அந்துவின் முட்டையைத் தூவி, வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். நாம் வெயிலில் காயவைத்தும் வேப்பிலை போட்டும் விரட்டுகிற ஜந்துவுக்கு அங்கே ராஜோபசாரம். அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டிக் குளவிகளை விட்டால், ஒவ்வொரு முட்டையும் குளவி பிறக்கும் வீடாகிவிடுகிறது. ஒரு கனசென்டிமீட்டர் முட்டையில் சுமார் 20,000 குளவி. ஹெக்டேருக்கு ஐந்து கனசென்டிமீட்டர், அதாவது ஒரு லக்ஷம் குளவி, நட்ட 30-ஆம் நாளும் 37-ஆம் நாளும் விடவேண்டும் என்பது கணக்கு. அட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்கி நெல்லிலையில் கட்டிவிட்டால் போதும். அட்டை வந்து சேர்ந்த அன்றே கட்டவேண்டும். பையில் வைத்து மறந்தால் குளவி பையிலேயே பிறந்து பையிலேயே சாகும்.

பெரியவர் அவ்வருஷம் அட்டை கட்டியிருந்தார். நடுவதற்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டுத்தான் நட்டார். நுனியோடு முட்டைக் குவியல்களும் போய்விடும் அல்லவா? யூரியாவை ஒரே மூச்சில் போடாமல் பிரித்துப் போட்டார். பறவை உட்காரக் கவைக்கம்பு நட்டிருந்தார். பக்கத்து நிலத்துக்காரர் அட்டையில் நம்பிக்கை இல்லாதவர். மருந்துக் கடைக்காரர் சொன்னபடி இரண்டு தடவை மருந்து தெளித்திருந்தார். நாம் போயிருந்தபோது மூன்றாவது தடவைக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் இருவரும் சந்தித்துக்கொண்டார்கள்.

"என்ன மாமா, விட்டில் இம்மாம் பறக்குது, இன்னும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

"பறக்கட்டும்ப்பா. எல்லாத்தையும் அடிச்சுட்டா என் குளவியும்ல சாவும்?"

"குளவியாம் குளவி!" என்று அவர் சிரித்துவிட்டுப் போனார். பெரியவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. குத்தகை நெல் அளக்கவேண்டிய இரண்டு ஏக்கரும் அந்த வரப்பை ஒட்டித்தான் இருந்தன.

மார்கழிக் கடைசியில் மறுபடி அங்கே போனோம். பனி விலகாத காலைவேளை. கதிரெல்லாம் பழுக்கத் தொடங்கித் தலைகவிழ்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாய் வெண்கதிர்கள் நிமிர்ந்து நின்றன. பெரியவர் ஒன்றைப் பிடித்து இழுத்தார், வழுக்கிக்கொண்டு வந்தது. கையில் கொடுத்தார். கனமே இல்லை. கதிர் என்று சொல்வதற்கு வேண்டிய எல்லாம் இருந்தன: காம்பு, கிளை, உமி. உமிக்குள்தான் ஒன்றுமில்லை.

வயலில் ஐந்து இடத்தில் இறங்கி எண்ணினோம். சொந்த நிலத்தில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை. குத்தகை நிலத்தில் நூற்றுக்கு நாலு. வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலையும், சொந்தக்காரர் அனுமதியோடு, எண்ணிப் பார்த்தோம். அங்கே மூன்று.

"அவனுக்கு ஒண்ணு குறைச்சல்தான்," என்றார் பெரியவர். பிறகு விரல்விட்டு எண்ணினார். ஒரு வெண்கதிருக்குப் போன நெல் எவ்வளவு, மருந்துக்கும் கூலிக்கும் அவன் கொடுத்தது எவ்வளவு என்று இரண்டு தடவை கூட்டிப்பார்த்தார். இரண்டு தடவையும் வெவ்வேறு விடை வந்தது. "களத்திலே மூட்டை எழும்பினப்பறம்தான் தெரியும், தம்பி" என்று விட்டுவிட்டார்.

அடுத்த வருஷத்துக் கவலை வேறு அதற்குள் வந்துவிட்டது. அறுவடையானதும் நிலத்தை உழுது அரிதாளை மடக்கினால் அடியில் உறங்கும் புழு சாகும் என்று எல்லா நூலும் சொல்கிறது. ஆனால் தஞ்சை ஜில்லாவில் அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கும் பயிருக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவது வழக்கம். நெல் அறுத்தபின் அதே ஈரத்தில் உளுந்து வளர்ந்து கைச்செலவுக்குப் பணம் கொடுக்கிறது. உளுந்து நிற்கும் நிலத்தை எப்படி உழுவது? அரிவாளால் தரையோடு ஒட்ட அறுத்தால் புழுக்களில் கொஞ்சம் வைக்கோலோடு போகும். இப்பொழுதோ ஆள் கிடைக்காமல் அறுவடை இயந்திரம் வருகிறது. அது தாளை உயரமாகவே விட்டுவிட்டுப் போகிறது. உளுந்தை விடுவதா, புழுவை விடுவதா? நூலாசிரியர்கள் இந்தக் கேள்விக்கு அரைப்பக்கத்துக்கு மேல் எழுதவில்லை. பெரியவர் ஊர்க்கூட்டத்தில் பேசப்போவதாகச் சொன்னார். சித்திரையில் உளுந்து எடுத்தவுடனாவது ஊரோடு ஒரே வாரத்தில் கோடை உழவு ஓட்டவேண்டும் என்பது அவர் யோசனை. பத்துப் பேர் ஒப்புக்கொள்வார்கள், இருபது பேர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்றும் அவரே சொன்னார்.

புறப்படும்போது அவருடைய பேத்தி, நாலாவது வகுப்புப் படிப்பவள், ஓடிவந்தாள். பெரியவர் ஒரு வெண்கதிரின் தண்டை அடியோடு பெயர்த்தெடுத்து நகத்தால் மெல்லப் பிளந்தார். உள்ளே புழு வளைந்து கிடந்தது. செம்மை கலந்த தலையைத் தூக்கி நம்மைப் பார்த்துவிட்டு மறுபடி தண்டுக்குள் நுழைய முயன்றது. தண்டை மூடி, அடியில் ஈரத்துணி சுற்றி, ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு அவளிடம் கொடுத்தார்.

"மூடியிலே ஊசியாலே ஓட்டை போடு. பெரிசாப் போட்டுடாதே, பறந்துடும்."

மூன்று வாரத்துக்குப் பிறகு நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டார். களத்தில் மூட்டை எழும்பிவிட்டதாம், குத்தகை அளந்துவிட்டார்களாம், மீதி சுமார்தானாம். புட்டியிலும் விட்டில் வந்துவிட்டதாம். சிறியதாய், பழுப்பாய் இருந்ததாம். சிறகில் அந்தப் பெரிய கரும்புள்ளி இல்லாததனால் ஆண் என்று தாத்தா சொல்லிவிட்டாராம். குழந்தைக்கு அதில் மிகுந்த ஏமாற்றம். பெண்ணாயிருந்தால் முட்டையிட்டிருக்கும், அட்டையிலிருந்து ஒரு குளவியை எடுத்து உள்ளே விட்டுப் பார்த்திருக்கலாம் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.